மழைப்பூவும் வெங்காயமும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லையும் வெங்காயத்தையும் மிளகாயையும் பற்றிப் பேசவேண்டிய இடத்திலே பூவைப்பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களிற் சிலர் எண்ணுதல் கூடும். அவ்வாறு எண்ணுவது நியாயமே. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பூ, உங்கள் வெங்காயப் பாத்திக்கு அயலிலேயே வளர்வது, வெங்காயத்தைப் போலவே தோற்றுவது, உண்டால் நஞ்சாவது. ஆகையால் அதனை வளர்க்கும் முறையையும், அதற்கு முன்னதாக அதனை இனங்காணும் முறையையும் எடுத்துரைப்பது என் கடமையாகின்றது.

காலபோக மழை தொடங்கிச் சில நாட்கள் கழிந்ததும், கிணற்றடியிலும் படலையோரத்திலும் புல்லைப் போன்ற இலைகளுக்கிடையே சிறு பூக்கள் ஒரே நாளில் திரளாக மலர்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். இதுவே மழை லில்லி. வறட்சியிலே மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் குமிழ், நல்ல மழை ஒன்று பெய்ததும் விழித்தெழுந்து பூக்கின்றது. இது நம் நாட்டுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்து வெப்பநிலங்களிலிருந்து பூந்தோட்டங்களின் வழியாக வந்தது.

இனங்களை அறிதல்

நம் வளவுகளிற் காணத்தக்கவை பெரும்பாலும் நான்கு. வெண்ணிறப் பூவும், தடித்து ஒடுங்கி ஊசிபோல் நிமிர்ந்த இலையும் உடையது ஒன்று. ஓரங்குல அளவில் இளஞ்சிவப்பாகப் பூத்து, பூவின் அடித்தொண்டை பச்சையாகத் தோன்றுவது மற்றொன்று. அதே நிறத்தில், ஆனால் ஏறக்குறைய மூன்றங்குல அகலத்துக்குப் பெரிதாகப் பூத்து, தட்டையான இலையுடையது மூன்றாவது. மஞ்சட்பூப் பூத்து மிகுதியாக விதை கட்டுவது நான்காவது. எல்லாவற்றுக்கும் பூவிதழ் ஆறு. ஒரு தண்டுக்கு ஒரு பூ.

வெங்காயத்திலிருந்து வேறு பிரித்தல்

விவசாயப் பாடசாலையில் நான் பயின்ற முதலாண்டிலே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். வெங்காயப் பாத்தியின் ஓரத்திலே களை பிடுங்கிக்கொண்டிருந்த நான், கையில் அகப்பட்ட சிறு குமிழ்களையும் தவறிய வெங்காயமென்று கருதிக் கடகத்திற் போட்டுவிட்டேன். அன்று மாலை சமையற்கட்டிலே வெங்காயம் உரித்த அம்மையார், “தம்பி, இது மணக்கவில்லையே!” என்று ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய மூக்கு அன்று எங்களைக் காத்தது. அன்றுதொட்டு மூன்று சோதனைகளை நான் மறந்ததில்லை.

முதலாவது மணம். இலையையோ குமிழையோ நசுக்கி முகர்ந்தால் வெங்காயம் வெங்காயமாகவே மணக்கும். மழை லில்லிக்கு அந்த நெடி இல்லை. ஆனால் வெங்காயம் பிடுங்கிய கையோடு முகர்ந்தால் எதுவும் வெங்காயமாகவே மணக்கும். எனவே கையை நன்றாகக் கழுவிய பின்னரே சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது இலை. வெங்காயத் தாளைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே குழலாக இருக்கும். மழை லில்லியின் இலை உள்ளீடு நிறைந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: மழை லில்லியின் பூத்தண்டு மாத்திரம் குழலாக இருக்கும். ஆதலால் தண்டைக் கிள்ளி ஏமாறாது இலையைக் கிள்ளிப் பாருங்கள்.

மூன்றாவது பூ. வெங்காயத்தின் தண்டு நுனியிலே நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் பந்துபோலத் திரண்டிருக்கும். மழை லில்லியிலோ ஒற்றைப் பூவே இருக்கும்.

பூவும் இலையும் காய்ந்துபோன காலத்தில் மணம் ஒன்றே துணை. ஐயம் உண்டாயின் உண்ணாது விடுவதே அறிவுடைமை.

உறவினங்களும் காட்டுக்கிழங்கும்

மழை லில்லியின் குடும்பத்தைச் சேர்ந்தவை வேறும் உள. அகன்ற நீண்ட இலைகளோடு, தடித்த தண்டின் நுனியிலே ஒடுங்கிய இதழ்களையுடைய வெண்பூக்களைக் கொத்தாகத் தாங்கும் விஷமூங்கில் அவற்றுள் ஒன்று. அதன் பெயரே அதன் குணத்தைக் கூறுகின்றது. பெரிய குழல்போலச் சிவந்து பூக்கும் அமரில்லிஸ் மற்றொன்று. இவற்றின் குமிழ்களில் இலைக்கோரின் முதலிய நச்சுப்பொருள்கள் உண்டு. உண்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் தோன்றும். தோண்டியெடுத்த குமிழ்களை மாட்டுக்கொட்டிலுக்கு அருகிலே கொட்டுவதும் ஆகாது.

மழையோடு பூக்கும் கார்த்திகைப்பூ இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நஞ்சிலோ இவற்றினும் பன்மடங்கு கொடியது. இலை நுனியாற் பற்றிப் படரும் இக்கொடியின் கிழங்கு கலப்பைபோற் கவடுபட்டிருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர்பெறும். இதனை வற்றாளைக் கிழங்கென மயங்கி உண்டு நஞ்சேறியவர்கள் நம் நாட்டில் உளர். இக்கிழங்கை உண்ட ஒருவருக்கு உடல்மயிர் முழுதும் உதிர்ந்தமை 1966-ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையிற் பதிவாகியுள்ளது. தமிழ்நாட்டின் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் இதனை விதைக்காகப் பயிரிட்டு, அதிலுள்ள கொல்கிசின் என்னும் பொருளை மருந்துக்கு எடுக்கிறார்கள். மருந்துக்கென மிக நுண்ணிதாக அளந்து எடுப்பதை நாம் கிழங்காக அவித்து உண்ணலாகாது.

பூச்செடி வேண்டுமென்று காட்டோரங்களிலே குமிழும் கிழங்கும் தோண்டச் செல்லாதீர்கள். 2009-ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர் வன்னியிலே வெடிபொருட்கள் பெருமளவு அகற்றப்பட்டபோதிலும், அபாயப் பலகை நட்ட இடத்திலும் விடுவிக்கப்படாத காணியிலும் மண்வெட்டி போடுவது உயிருக்கு ஆபத்து. அயலார் வளவிலே இரண்டு குமிழ் கேட்டுப் பெற்றால் அதுவே போதும்.

வளர்க்கும் முறை

ஆவணி, புரட்டாதி மாதங்களில், காலபோக மழைக்கு முன் நடுங்கள். நீர் வடிந்தோடும் செம்மண் தறை மிக நன்று. வயற்களிமண்ணாயின் மணலும் கூட்டெருவும் கலந்து, அரை அடி உயரத்துக்குப் பாத்தியை உயர்த்துதல் வேண்டும். நீர் தேங்கினால் குமிழ் அழுகும். ஒன்றரை அங்குல ஆழத்தில், மூன்றங்குல இடைவெளியில், கூர்நுனி மேலாக இருக்க நடுக. நாளின் பெரும்பகுதியும் வெயில் படும் இடமாதல் நன்று. கூட்டெருவே போதிய பசளை. யூரியாவை மிகுதியாக இட்டால் இலை தழைத்துப் பூக் குறையும்.

மழையில்லாக் காலத்தில் நாள்தோறும் நீர் தெளிக்கவேண்டியதில்லை. மூன்று நான்கு வாரம் காயவிட்டு, பின்னர் ஒருநாள் நன்றாக ஊற ஊற்றுங்கள். மழையென்று நம்பிப் பூக்கும். ஒரு பூ இரண்டொரு நாளே நிற்கும். ஆயினும் புதியன தொடர்ந்து வரும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பத்தைத் தோண்டிப் பிரித்து நடுக. மஞ்சட்பூ இனத்தின் கருவிதைகளை முற்றியவுடன் விதைத்தல் வேண்டும். வைத்திருந்தால் முளைப்புக் குறையும். கறுப்பு உடலில் வெண்புள்ளியும் செம்புள்ளியும் உடைய புழுக்கள் இலையைத் தின்னக் கண்டால், காலையிலே கையாற் பொறுக்கி அழித்துவிடலாம். பறித்த பூ விரைவில் வாடுமாதலால் பூவை விற்க எண்ணாதீர்கள். சட்டியில் வளர்த்த கும்பங்களை விற்கலாம்.

மறவாது செய்யவேண்டியவை

வெங்காயப் பாத்தியிலிருந்தும் கீரைப் பாத்தியிலிருந்தும் விலக்கி, முற்றத்திலோ படலையடியிலோ மாத்திரம் மழை லில்லியை நடுங்கள். விதை வெங்காயம் கட்டித் தூக்கும் கொட்டிலிலே பூக்குமிழ்களை வைக்காதீர்கள். அவற்றை வேறு பெட்டியில் இட்டுப் பெயரெழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்குப் பூவைக் காட்டும்போதே அதன் நஞ்சையும் சொல்லிக்கொடுங்கள்.

எவரேனும் தவறி உண்டுவிட்டால் வாந்தி வரட்டுமென்று காத்திராது, கைவைத்தியம் எதுவும் செய்யாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாகனம் இல்லையாயின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். உண்ட செடியின் இலையையும் குமிழையும் கூடவே எடுத்துச்செல்லுங்கள். வைத்தியர் நஞ்சை அறிய அது பேருதவியாகும்.

கமக்காரப் பெருமக்களே! பூவை வெறுக்கும்படி நான் கூறவில்லை. மழை வந்ததென்று முற்றத்திலே முதலில் அறிவிக்கும் அப்பூ, நாள் முழுதும் வயலில் உழைத்து மீளும் உங்கள் கண்ணுக்கு ஓர் ஆறுதல். பூ முற்றத்திலும் வெங்காயம் பாத்தியிலும் இருக்கட்டும். இரண்டையும் வேறு பிரித்தறியும் அறிவு உங்கள் வீட்டிலே சமைக்கும் கையிலும் விளையாடும் கையிலும் இருக்கட்டும். ஐயமுள்ள குமிழ் எதுவாயினும், அருகிலுள்ள கமநல சேவை நிலையத்துக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.