ஓட்டம் அலுத்தால் விடாதீர்கள், மாற்றுங்கள்

(மாதாந்திர நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து, பஜ்ரு தொழுதுவிட்டு ஈத்கா மைதானத்தில் ஓடத் தொடங்கியபோது நாம் இருபத்திரண்டு பேர். இன்று ஏழு பேர். விட்டுப்போனவர்களைக் கேட்டால், முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. "அதே மைதானம், அதே ஆறு சுற்று, அலுத்துப்போச்சு பாய்" என்கிறார்கள். அவர்களில் ஒரு சகோதரருக்குச் சர்க்கரை உண்டு. ஓடிய மாதங்களில் கட்டுக்குள் இருந்தது, நிறுத்தியபின் ஏறிவிட்டது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு சுற்றுக்கு மேல் வேறெதையும் நாம் சொல்லித் தரவில்லையே!

அலுப்பு மனதோடு நிற்பதில்லை. தினமும் ஒரே தூரம், ஒரே வேகம் என்றால் உடம்பும் அதற்குப் பழகிவிடும். தொடக்கத்தில் கண்ட முன்னேற்றம் பிறகு இருக்காது.

சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் 1930களில் ஒரு முறையை உருவாக்கினார். 'பார்ட்லெக்' என்று அதற்குப் பெயர். வேக விளையாட்டு என்று பொருள். ஓடும்போதே சிறிது நேரம் வேகம், சிறிது நேரம் மெதுவு. கடிகாரம்கூட வேண்டாம். அந்த வேப்பமரம் வரை வேகமாக, அடுத்த விளக்குக் கம்பம் வரை மெதுவாக என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

நம் வாரத்தையும் இப்படிப் பிரிக்கலாம். ஒரு நாள் வழக்கமான ஆறு சுற்று. ஒரு நாள் வேக விளையாட்டு. ஒரு நாள் மைதானத்தை விட்டு வேறு தெரு, வேறு பாதை. ஒரு நாள் ஓட்டமே வேண்டாம், பேசிக்கொண்டே நீண்ட நடை. சுற்றைத் திருப்பி எதிர்ப்பக்கமாக ஓடினாலே புதிதாகத் தெரியும். வெளியே வர இயலாத சகோதரிகள் மாடிப்படி ஏறி இறங்கலாம், மொட்டைமாடியில் வேகத்தை மாற்றி மாற்றி நடக்கலாம்.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி நேரமாக ஐந்து நாள் செய்தால் 150 வந்துவிடும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுவே மிதமான வேகம்.

சில எச்சரிக்கைகள். எல்லா மாற்றத்தையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடேற்றுங்கள். இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் வேக ஓட்டத்திற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். சட்டைப்பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதத்தில் புண், கொப்புளம் உண்டா என்று பாருங்கள். நெஞ்சு வலித்தால் அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள்.

வரும் ஞாயிறு முதல் புதிய முறையில் தொடங்குகிறோம். ஆளுக்கு ஒருவராக, விட்டுப்போனவர்கள் வீட்டுக்குப் போய் அழைத்து வாருங்கள். அந்தச் சகோதரரின் வீட்டுக்கு நாமே போகிறோம், இன்ஷா அல்லாஹ்.