துணி நப்பி: பாவிப்பதும் கழுவுவதும்

(பாபகூராவில் பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காசை மிச்சம் பிடிக்க ஒரே பம்பர்ஸை அரைநாள் விட்டுவைக்காதேங்கோ. ஈரத்தில் கிடந்தால் பிள்ளையின் தோல் சிவந்து புண்ணாகிவிடும். துணி நப்பி என்றால் கணக்குப் பார்க்காமல் மாற்றலாம். ஊரில் நாங்கள் பாவித்ததுதானே!

20 முதல் 24 நப்பி இருந்தால் இரண்டு நாள் ஓடும். மேலே தண்ணீர் கசியாத உறை போடுங்கள். 2, 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் போனால் உடனே மாற்றுங்கள்.

கழுவும் முறை:

1. மலத்தை மலசலகூடத்தில் தட்டிவிட்டு, நப்பியைக் காற்றுப் படும் கூடையில் போடுங்கள். வாளித் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். தவழும் பிள்ளை அதற்குள் விழுந்தால் உயிராபத்து.

2. மெசினில் முதலில் ஒரு சின்னக் கழுவல். பிறகு 60 பாகைச் சுடுதண்ணீரில் நீண்ட கழுவல். சவர்க்காரத் தூளைக் குறைக்காதேங்கோ.

3. உடுப்பை மெதுமையாக்கும் திரவம் வேண்டாம். அது போட்டால் துணி ஈரத்தை உறிஞ்சாது.

4. வெயிலில் காயவிடுங்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை இங்கே குளிரும் மழையும். வீட்டுக்குள் காயப்போட்டால் ஜன்னலைத் திறவுங்கள். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நாட்களில் இரவுக்குப் பம்பர்ஸ் கட்டினாலும் பிழையில்லை.

தோல் சிவப்பு மாறாவிட்டால் பிளங்கெட் தாதியிடம் காட்டுங்கள். அடைக்கலம் கோரியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தச் சேவை இலவசம். தொலைபேசி: 0800 933 922.

நப்பி வாங்கவே வழியில்லையா? எங்களிடம் சொல்லுங்கோ. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.