எதை நீக்க வேண்டும்?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'தொழில் பற்றிப் பேசு, சுருக்கமாகப் பேசு' என்பது செயலாளர் உத்தரவு. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எம்.ஆர்.என்.ஏ. மருந்தை 2020 டிசம்பரில் கொரோனா தடுப்பூசியாக உலகமே அறிந்துகொண்டது. டி.என்.ஏ.வை அச்சாக வைத்தால், டி7 என்ற நொதி சில மணி நேரத்தில் அதைச் செய்து தந்துவிடும். சுத்தம் செய்வதில்தான் சங்கதியே இருக்கு. மிச்சமான மூலப்பொருள், நொதி, டி.என்.ஏ. துண்டு, கூடவே ஈரிழை ஆர்.என்.ஏ. இந்த ஈரிழைதான் வில்லன். உடம்பு அதை வைரஸ் என்று எண்ணி அழற்சியைக் கிளப்பும். மருந்துப் புரதம் உருவாவதையும் தடுக்கும்.

2011இல் காரிகோ, வைஸ்மன் குழுவினர் எச்.பி.எல்.சி. முறையில் ஈரிழையை நீக்கிக் காட்டினார்கள். 'அதையே பெரிசா செஞ்சா போச்சு' என்பீர்கள். அதற்கு அசிட்டோநைட்ரைல் வேண்டும். லேபில் ஒரு பாட்டில். ஆலையில் டிரம் டிரம்மாக! தீப்பிடிக்கும், நச்சு வேறு.

இரண்டாவது வழி வாலைப் பிடிப்பது. எம்.ஆர்.என்.ஏ.வின் கடைசியில் 'ஏ' எழுத்துகள் வரிசையாக இருக்கும். அதற்கு ஜோடியான 'டி' சரத்தைக் குழலில் பொருத்தினால், உப்பு நீரில் ஒட்டும். உப்பைக் குறைத்தால் கழன்று வரும். நொதியும் டி.என்.ஏ.வும் ஒழிந்தன. ஆனால் வாலுள்ள ஈரிழையும் கூடவே வந்துவிடும்.

மூன்றாவது, நம்ம பருத்தியில் இருக்கும் செல்லுலோஸ். எத்தனால் கலந்த கரைசலில் ஈரிழை அதில் ஒட்டிக்கொள்ளும். 2019இல் வெளியான ஆய்வில் ஈரிழை 90 சதவீதமாவது நீங்கியது. மீண்ட சரக்கு 65 சதவீதத்துக்கு மேல். மீதியை இழக்க மனசு வருமா?

கூட்டங்களில் முதல் கேள்வி, 'சரக்கு எவ்வளவு தேறும்?' என்பதுதான். முதலில் கேட்க வேண்டியது, 'யாருக்கு, எத்தனை தடவை?' ஃபைசர் தடுப்பூசியில் பெரியவர்களுக்கு ஒரு ஊசிக்கு 30 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமில் 33,000 ஊசி. பிறவி நொதிக் குறைபாட்டுக் குழந்தைகளுக்காக ஆராயப்படும் மருந்துகளோ மில்லிகிராம் கணக்கு. அதுவும் சில வாரத்துக்கு ஒருமுறை. தடுப்பூசியில் பொறுத்துக்கொள்ளும் அழுக்கு அங்கே ஆகாது. அங்கே வாலைப் பிடித்தால் மட்டும் போதாது. ஈரிழைக்கென்று தனிப்படி வேண்டும், சரக்கு குறைந்தாலும் சரி.

இன்னொன்று. நொதியை மாற்றியும் மெக்னீசியத்தைக் குறைத்தும் ஈரிழை உண்டாவதையே குறைக்கலாம். உண்டாகாத அழுக்கை நீக்க வேண்டியதில்லையே!

தம்பி தங்கைகளே, எந்த ஆலைக்குப் போனாலும் எந்திரப் பட்டியலைப் பார்க்குமுன் நோயாளியைப் பற்றிக் கேளுங்கள். எந்திரத்தை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.