மருந்தின் அளவு மில்லிலிட்டரில் அமைக



ஏலாதி என்னும் அறநூலை இயற்றிய சமணப் புலவர் கணிமேதாவியார், ஒரு மருந்தின் பெயரையே தம் நூலுக்குச் சூட்டினார். ஏலம் 1 பங்கு, இலவங்கப்பட்டை 2, சிறுநாவற்பூ 3, மிளகு 4, திப்பிலி 5, சுக்கு 6 என்பது அம்மருந்தின் அளவு. பொருளொடு அளவையும் வரையறுத்தது முன்னோர் மருத்துவம்.

இன்றோ குழந்தைக்குக் காய்ச்சல் கண்டவுடன் சமையலறைக் கரண்டியே அளவுகோலாகின்றது. ஒரு தேக்கரண்டி 5 மி.லி. என்பது மருத்துவ வழக்கு. வீட்டுக் கரண்டிகள் அக்கணக்கிற்குச் செய்யப்பட்டவை அல்ல. ஒன்று குறைவாகவும் மற்றொன்று மிகுதியாகவும் கொள்ளும். பாலாடையும் அத்தகையதே. தேக்கரண்டிக்கு மாறாக மேசைக்கரண்டியால் ஊற்றிவிட்டாலோ 5 மி.லி. 15 ஆகி மும்மடங்காகும்.

பாராசிட்டமால் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மருத்துவர் 150 மில்லிகிராம் குறித்துக் கொடுத்ததாகக் கொள்வோம். 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பாயின் 3 மி.லி. போதும். 1 மி.லி.யில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தாயின் 1.5 மி.லி. போதும். அச்சொட்டு மருந்தையே ஒரு தேக்கரண்டி புகட்டினால் 500 மில்லிகிராம் உட்சென்றுவிடும். இம்மருந்து அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும் தன்மையது. அளவு குறைந்தால் காய்ச்சல் தணியாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2015ஆம் ஆண்டில், குழந்தைகளுக்கான திரவ மருந்துகளை மில்லிலிட்டரில் மட்டுமே குறிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இந்தியாவில் மெட்ரிக் எடைகள் 1958இல் நடைமுறைக்கு வரத் தொடங்கின. சேரும் வீசையும் கடைத்தெருவை விட்டு நீங்கின. கரண்டி மட்டும் மருந்தில் தங்கிவிட்டது.

மாற்றம் எளிது. மருத்துவரிடம் "எத்தனை மி.லி.?" என்று கேட்டு, அவ்வெண்ணைப் புட்டியின்மேல் எழுதி வைத்தல் வேண்டும். தாய் வெளியே சென்றிருக்கையில் பாட்டியார் மருந்து புகட்ட நேரினும் அளவு மாறாது. சிறு அளவுக்கு ஊசியில்லாச் சிரிஞ்சும், பெரிய அளவுக்குக் கோடிட்ட மூடியும் ஏற்றவை. மூடியைச் சமதளத்தில் வைத்து, கோட்டைக் கண்ணுக்கு நேராக நோக்குதல் வேண்டும். புட்டி மாறினால் அதில் அச்சிட்டுள்ள வீரியத்தை மீண்டும் படித்தல் வேண்டும்.

நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. மருத்துவ முகாம்களில் சிரப்புப் புட்டியுடன் ஓர் அளவுச் சிரிஞ்சையும் சேர்த்து வழங்கினால் அத்தானம் முழுமை பெறும்.