காந்தி ரோட்டு லாட்ஜில் ஒரு ராத்திரி

போன எபிசோடுல ஜப்பான் பிசினஸ் ஹோட்டல் பத்திப் பேசினோம் இல்லையா? ஸ்டேஷன் பக்கத்துலயே, பெட்டியைப் பிரிக்கக்கூட இடமில்லாத குட்டி ரூம். 1979-ல ஒசாகாவுல கேப்ஸ்யூல் ஹோட்டலே வந்துடுச்சு. எனக்கு அப்போ வேலூர்தான் ஞாபகம் வந்தது.

எங்க ஊர் ஒடுகத்தூர், ஜவ்வாது மலை அடிவாரம். அம்மாவை வயித்துவலின்னு சாயந்திரம் சி.எம்.சி.யில சேர்த்தோம். ராத்திரி கூட ஒருத்தர்தான் இருக்கலாம், சித்தி இருந்தாங்க. "இதோ இருக்குற வேலூருக்கு எதுக்குடா லாட்ஜு? பஸ் ஏறி வா"ன்னு அப்பா போன்ல சத்தம். பஸ்ஸுல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். மனசு கேக்கல.

காந்தி ரோடு பக்கம் ஒரு சந்துல ரூம் எடுத்தேன். போர்டுல தமிழைவிட வங்காள எழுத்துதான் பெருசு. கொல்கத்தா, பங்களாதேஷ்ல இருந்து வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கா தங்குறவங்க அதிகம். அதனால ரூம்லயே அடுப்பு, பாத்திரம். தாழ்வாரம் பூரா கடுகெண்ணெய் வாசனை. (முதல்ல மூக்கைப் பொத்தினேன், உண்மையைச் சொல்லணும்ல.) பக்கத்து ரூம் பெரியவர் அரைகுறைத் தமிழ்ல, "எத்தனை மாசம்?"னார். "ஒரு ராத்திரி"ன்னேன். சிரிச்சுட்டு ஒரு தட்டு சோறும் மீனும் நீட்டினார்.

விடியக்காலை மூணு மணிக்கு சித்தி போன். உடனே ஆபரேஷனாம், கையெழுத்து போடணும். செருப்பு மாத்திப் போட்டுட்டு ஓடினேன். நாலே நிமிஷம்.

முதல் பஸ்ஸுல வந்த அப்பா, கண்ணு முழிச்சிருந்த அம்மாவைப் பார்த்துட்டு வெளியே வந்தார். சட்டைப் பையில கைய விட்டார்.

"ஒரு வாரத்துக்கு எவ்ளோ கேக்குறான்?"