நாட்டின் முதுகெலும்பும் நம் தாய்மாரின் முதுகெலும்பும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மலையகத் தொழிலாளர் இந்நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் பேசப்படுகிறது. மேதினத்திலும் பேசுகிறார்கள், தேர்தற் காலத்திலும் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு நமக்கும் அது பழகிப்போயிற்று. இன்று யாம் பேச எடுத்துக்கொண்டது அந்த அலங்கார முதுகெலும்பன்று. கொழுந்துக் கூடையைச் சுமந்து பூண்டுலோயாவின் மலைகளில் ஏறியிறங்கும் நம் தாய்மாரின் உண்மையான முதுகெலும்பு.

நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து கேட்கிறார்கள். மழைநாளில் ஈரஞ் சேர்ந்து பாரம் இன்னுங் கூடுகிறது. கயிறு தலையை அழுத்த, கால் வழுக்க, குனிந்து குனிந்து பறித்தால் இடுப்பு என்னவாகும்? வலி வந்தபின் எண்ணெய் தேய்க்கிறோம்; பிளாஸ்டர் ஒட்டுகிறோம்; வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாதே என்று மறுநாளும் மலையேறுகிறோம். "முதுகுல கத்தி வச்சா அப்புறம் எந்திரிக்கவே முடியாது" என்னும் அச்சமோ லயத்துக்கு லயம் குடிகொண்டிருக்கிறது. இவ்வச்சம் எங்கிருந்து வந்தது, இன்றைய நிலை யாது என்பதை ஆராய்வோம்.

மனிதனுடைய முள்ளந்தண்டில் 33 எலும்புகள் உள. அவற்றுள் மேலுள்ள 24 எலும்புகள் தனித்தனியே அசைவன. எஞ்சியவை கீழே ஒன்றோடொன்று இணைந்து நிற்பன. அசையும் எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்தனவே டிஸ்க் என நாம் சொல்லும் தட்டுகள். அவற்றின் வெளிவளையம் உறுதியானது. உள்ளே இருப்பது களிபோன்ற பொருள். வளையம் கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கி நரம்பை அழுத்தும்போது, இடுப்பிலே தொடங்கும் வலி காலின் வழியே பாதம்வரை மின்னலென ஓடுகிறது. இந்த உண்மையை 1934 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியர்களான மிக்ஸ்ரர், பார் என்னும் இருவர் உலகறியச் செய்தனர்.

அக்காலத்துச் சத்திரசிகிச்சையிலே முதுகை நீளமாகக் கீறி, தசைகளை எலும்பினின்றும் உரித்து, எலும்பிலும் ஒரு பகுதியை நீக்குவர். நோயாளி பல நாட் படுக்கையிற் கிடப்பார். நம் பாட்டன்மாரின் அச்சம் காரணமற்றதன்று. பின்னர் 1977 இல் யாசர்கில், காஸ்பர் ஆகிய வைத்தியர்கள் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு சிறு வெட்டின் வழியே இதனைச் செய்யும் முறையை வெளியிட்டனர். 1997 இல் போலி, ஸ்மித் என்போர் இன்னொரு படி சென்றனர். தசையை வெட்டாமல், மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன்மேல் சற்றுத் தடித்தது, அதன்மேல் இன்னுந் தடித்தது என்று தசைநார்களை விலக்கி வழியுண்டாக்குவது அவர்தம் முறை. சுமார் 2 சென்ரிமீற்றர் வெட்டுப் போதும். சிறு கமராவை உட்செலுத்திச் செய்யும் முறையில் 1 சென்ரிமீற்றரும் வேண்டியதில்லை. குருதியிழப்புக் குறைவு, தசைக்குச் சேதம் குறைவு, பலர் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கின்றனர்.

எனினும் புதியதெல்லாம் உயர்ந்ததென்று மயங்கவும் கூடாது. 2009 இல் நெதர்லாந்து வைத்தியர்கள் குழாய் முறையையும், நுணுக்குக்காட்டியாற் செய்யும் வழமையான முறையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். குழாய் முறை அதிலும் மேலானதென்று நிறுவப்படவில்லை. வெட்டின் நீளத்தைவிட, யாருக்கு, எப்போது, எதற்காகச் சத்திரசிகிச்சை என்பதே முக்கியம். கிருமி தொற்றுதல், நரம்பு பாதிக்கப்படுதல், டிஸ்க் மீண்டும் பிதுங்குதல் ஆகிய ஆபத்துகள் எம்முறையிலும் முற்றாக நீங்கிவிடவில்லை.

இன்னுமொரு செய்தி நமக்கு ஆறுதல் தரும். அதே நாட்டில் கடுங்கால்வலியுற்ற 283 பேரை ஆராய்ந்து 2007 இல் முடிவு வெளியிட்டனர். ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை. மற்றையோருக்கு மருந்தும் பொறுமையும், தேவைப்பட்டாற் பின்னர் சத்திரசிகிச்சை. முன்னவர்க்கு வலி விரைவில் நீங்கியது. ஆயினும் ஓராண்டு முடிவில் இருசாராருள்ளும் நூற்றுக்கு 95 பேர் நலம்பெற்றிருந்தனர். ஆகவே இடுப்பு வலித்தவரெல்லாம் கத்திக்கு அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. பெரும்பாலோர்க்குக் கத்தியே வேண்டியதில்லை.

ஆனால், தாய்மார்களே, சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கால் சோர்ந்து விழுதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை அல்லது சிறுநீர் கழியாமை, தொடையிடுக்கிலும் இருக்கையிலும் மரத்துப்போதல்: இவை கண்டால் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வெட்கத்தால் மறைத்தால் அந்நரம்புகள் மீளாமற் போகலாம். கண்டியிலும் கொழும்பிலுமுள்ள தேசிய வைத்தியசாலைகளில் நரம்பியற் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் உள. அங்கே காசு கேட்பாரில்லை.

இளைஞர்களே! உங்களிடமும் ஒரு வார்த்தை. இரவிரவாகக் கைபேசியிற் குனிந்து பப்ஜியும் பிரீ பயரும் ஆடுகிறீர்கள். பலர் ஒரே களத்தில் இறங்கும் ஆட்டம் இன்பமானதுதான், யாமும் அறிவோம். 2014 இல் ஹான்ஸ்ராஜ் என்னும் அமெரிக்க வைத்தியர் ஒரு கணிப்பு வெளியிட்டார். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்பின்மீது ஏறக்குறைய 27 கிலோ பாரம் விழுமாம். இது கணிப்பேயாயினும் சிந்திக்கத் தக்கது. அம்மா கூலிக்காகச் சுமக்கும் கூடையிலும் கனமான கூடையை, மகன் கூலியின்றிச் சுமக்கலாமா? ஆடுங்கள், நிமிர்ந்திருந்து ஆடுங்கள், நேரத்தோடு உறங்குங்கள்.

அமைச்சரிடம் இணைப்புச் செயலாளராக வேண்டும், ஊடகச் செயலாளராக வேண்டும் என்னும் ஆசையும் நம்மவரிற் சிலருக்குண்டு. அது தாழ்ந்த ஆசையன்று. ஆனால் அமைச்சர் பதவி போனால் அவ்வேலையும் போய்விடும். செய்த தொண்டு மட்டுமே நிற்கும். நமக்கு அயலிலுள்ள மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் 1947 இல் தலவாக்கலைக்குப் பாராளுமன்ற உறுப்பினரானார். இன்று அவரை நாம் நினைப்பது பதவிக்காகவா? தொழிலாளரின் துயரை எழுதியும் பேசியும் வாழ்ந்தமைக்காகவே. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குத் தடையாக நின்றது. அதனைத் திருத்த 2018 வரை காத்திருந்தோம். இத்தகைய பிரிவுகளை ஊன்றிப் படித்து, உரிய இடத்திற் பேசும் செயலாளர்களே நமக்குத் தேவை. நோயாளியைச் சுமந்துவரும் பாதையும் அரசியல்தானே!

கூன்பாண்டியன் ஞானசம்பந்தர் அருளால் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறனான வரலாற்றைக் கோயிற் பிரசங்கங்களிற் கேட்டிருக்கிறோம். 18 ஆண்டு கூனியாயிருந்த பெண்ணை இயேசு நிமிரச் செய்த கதையை மிஷன் பாடசாலையிற் படித்தோம். எச்சமயமாயினும் குனிந்தவரை நிமிர்த்துவது தெய்வத்துக்கு உவந்த பணியென்றே கூறுகிறது.

அப்பணியை இம்மன்றமும் ஏற்கலாம். சிங்களம் தெரியாத காரணத்தாலே வைத்தியரிடம் வலியைச் சொல்ல முடியாமல் கிளினிக் கொப்பியோடு திரும்பிய தாய்மார் நம்மிடையே உளர். கிளினிக் நாளில் உறுப்பினர் இருவர் துணையாகச் செல்வோம்; வைத்தியர் சொன்னதை எழுதி வந்து வீட்டாருக்கு விளங்கச் சொல்வோம். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். காலையில் முதல் பஸ்ஸுக்கு எழுந்து நிற்கும் மனம் வேண்டும்.

நாட்டின் முதுகெலும்பு என்று பிறர் நம்மைப் புகழட்டும். நம் தாய்மாரின் முதுகெலும்பை நாமே காப்போம்.