மீன் தொட்டிச் சேறும் நல்ல நுண்ணுயிர்களும்

(மயிலாடியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் நமது களஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதம் குழுக்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, உள்கடன் பக்கத்தில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது: "மீன் தொட்டி மருந்து." வீட்டு முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி குப்பி, மோலி, தங்கமீன், கோய் கெண்டை வளர்க்கிற நம் அக்காமார், தங்கச்சிமார் வாங்கிய கடன் இது. தொட்டியின் அடியில் சேறு கட்டுகிறது, தண்ணீர் நாறுகிறது. "இந்தப் பொடியைப் போட்டால் கிருமி சேற்றைத் தின்றுவிடும், இனி தொட்டி கழுவவே வேண்டாம்" என்று சொல்லி பாக்கெட் விற்கிறார்கள். கையில் காசு இல்லாதவர்கள் குழுவில் கடன் எடுத்து வாங்குகிறார்கள்.

அது உண்மையா என்று பல பேர் எங்களிடம் கேட்டீர்கள். பாதி உண்மை. மிச்சப் பாதி தெரியாமல் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை நாங்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

முதலில் அந்தச் சேறு என்ன என்று பார்ப்போம். மீன் தின்னாமல் விட்ட தீனி, மீனின் கழிவு, செத்த பாசி, காற்றில் விழுந்த இலை, இவையெல்லாம் அடியில் படிந்து கசடாகிறது. அதில் காற்றுப் படாத இடம் கருப்பாகி, கிளறினால் அழுகின முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு. இது போக மீன் செவுள் வழியாகவும் கசடு வழியாகவும் அம்மோனியா தண்ணீரில் சேருகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மீனைக் கொல்வது பெரும்பாலும் அதுதான்.

இப்போது நுண்ணுயிருக்கு வருவோம். நமக்கு இது புதிய சங்கதி இல்லை. பாலுக்கு உறை ஊற்றுவதும், இட்லி மாவு பொங்குவதும், சாணம் மக்கி எருவாவதும் நுண்ணுயிர் வேலைதான். தொட்டியில் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம் பாசில்லஸ் வகை. இது கசடைக் கரைத்துத் தின்னும். கெட்ட காலம் வந்தால் விதை போல உறங்கிக் கிடக்கும். அதனால்தான் இதைப் பொடியாக்கிப் பாக்கெட்டில் அடைக்க முடிகிறது. இரண்டாவது கூட்டம் அம்மோனியாவைச் சரிசெய்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், நைட்ரோபாக்டர் போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, செடிக்கோ நல்ல உரம். இந்த இரண்டாவது கூட்டம் விதை போல உறங்காது, பாக்கெட்டில் நெடுநாள் தாங்காது. கல்லிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பெருகும். ஒரு தொட்டியில் நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் கூட்டம் கசடைத் தின்னும்போது அம்மோனியா இன்னும் வெளியே வரும். அதை வாங்கிக்கொள்ள இரண்டாவது கூட்டம் தயாராக இல்லையென்றால், சேறு குறைந்த மாதிரி தெரியும், மீன் சாகும். அதைவிட முக்கியம், இரண்டு கூட்டத்துக்குமே மூச்சுவிடப் பிராணவாயு வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறக்குறைய நாலரை கிராம் பிராணவாயு செலவாகிறது. மீனும் அதே தண்ணீரில்தான் மூச்சுவிடுகிறது.

நாங்கள் செய்த தப்பு இதுதான். நம் சகோதரி ஒருவர் வீட்டில் பத்தடி நீளம், ஆறடி அகலத் தொட்டி. ரெண்டடி தண்ணீர், கணக்குப் போட்டால் 3,400 லிட்டர். அடியில் விரற்கடை சேறு. பயோஃபிளாக் முறையில் நுண்ணுயிருக்கு வெல்லம் கொடுப்பார்கள் என்று ஒரு பயிற்சியில் கேட்டதை அரைகுறையாக மனதில் வைத்துக்கொண்டு, "பாக்கெட் முழுசையும் கரைச்சு, அரைக்கிலோ கருப்பட்டியும் போட்டு ஊத்துங்க, அடியை நல்லா கிளறி விடுங்க" என்று சொன்னோம். சாயங்காலம் ஊற்றினார்கள். ராத்திரி கரண்டு போனது, காற்று மோட்டார் நின்றது. விடியற்காலை அஞ்சு மணிக்கு போன் வந்தது. போய்ப் பார்த்தால் மோலி எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பெரிய கோய் மீன் ஒன்று விடாமல் மிதந்து கிடக்குது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பகலில் பாசி பிராணவாயு கொடுக்கும். இரவில் அதுவும் எடுத்துக்கொள்ளும். அதனால் விடியலுக்கு முன்னால்தான் தண்ணீரில் பிராணவாயு ஆகக் குறைவு. கருப்பட்டி கிடைத்த நுண்ணுயிர் சில மணி நேரத்தில் பல மடங்கு பெருகி, இருந்த கொஞ்சத்தையும் இழுத்துவிட்டது. கிளறினதில் அடியிலிருந்த விஷவாயுவும் கலந்தது. பயோஃபிளாக் தொட்டியில் இரவும் பகலும் காற்று ஓடும். அதை நாங்கள் யோசிக்கவில்லை.

அந்த அக்கா எங்களைத் திட்டவில்லை. "நீங்க படிச்சவங்க சொன்னீங்கன்னுதான் ஊத்துனேன்" என்று மட்டும் சொன்னார். அது திட்டினதைவிட வலித்தது. அலுவலகத்தில் நாங்கள் நாலு பேர் பணம் போட்டு மீன்குஞ்சு வாங்கிக் கொடுத்தோம். ஆனால் ஆறு மாதம் வளர்த்த மீனை யார் திருப்பித் தர முடியும்? தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கிறது.

நம் மயிலாடிக்கென்று இன்னொரு சங்கதி. இங்கே தெருவுக்குத் தெரு உளிச் சத்தம். பட்டறைப் பக்கம் இருக்கிற தொட்டிகளில் அடியில் படிவது பாதி கல்தூள். சேறு மாதிரியேதான் இருக்கும். ஆனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின நுண்ணுயிரும் கல்லைத் தின்னாது. ஒரு சிரட்டையில் அந்தச் சேற்றை அள்ளி விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் அது கல்தூளோ மணலோ. அதை ஹோஸ் வைத்து உறிஞ்சி எடுப்பது ஒன்றே வழி. தொட்டிமேல் வலையோ பழைய சேலையோ கட்டினால் தூளும் இலையும் குறையும்.

அதே பட்டறையில் தூக்கிப் போடுகிற சின்னக் கல் சல்லி நமக்கு உதவும். இரண்டாவது கூட்டம் ஒட்டிக்கொண்டு வாழ அதுவே வீடு. அடியில் ஓட்டை போட்ட ஒரு வாளியில், தூள் போகக் கழுவின சல்லியை நிரப்பி, தொட்டிமேல் வையுங்கள். சின்ன மோட்டாரால் தண்ணீரை வாளியில் ஏற்றினால் சல்லி வழியாக வடிந்து திரும்பத் தொட்டியில் விழும். விழும்போது காற்றும் கலக்கும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கிறவரிடம் ரெண்டு கைப்பிடி அழுக்குச் சல்லி வாங்கி இதில் போட்டால், அது உறைமோர் ஊற்றின மாதிரி. காசு செலவில்லை.

மற்ற விஷயங்களை வரிசையாகச் சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள்.

1. தீனியைக் குறையுங்கள். அஞ்சு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். மிஞ்சுகிற தீனிதான் நாளைய சேறு.

2. வாரம் ஒருமுறை அடித்தண்ணீரை ஹோஸ் மூலம் உறிஞ்சி, அஞ்சில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். எடுத்த தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். நம் பெரியவங்க குளத்து வண்டலை வயலில் போட்டது இதே கணக்கில்தான்.

3. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை நேராக விடாதீர்கள். நல்ல நுண்ணுயிர் செத்துப்போகும், மீனுக்கும் ஆகாது. ஒரு நாள் திறந்து வைத்து விடுங்கள். சல்லியைக் கழுவுவதும் தொட்டித் தண்ணீரிலேயே இருக்கட்டும், பளபளவென்று கழுவ வேண்டாம்.

4. பொடி போடுவதென்றால் காலையில் போடுங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள். கருப்பட்டி வேண்டாம். காற்று மோட்டார் ராத்திரியும் ஓட வேண்டும். கரண்டு நம்ப முடியாத நாளில் போடவே வேண்டாம்.

5. பிளீச்சிங் பவுடர், பெர்மாங்கனேட், ஆன்டிபயாடிக் இவற்றோடு பொடியைச் சேர்க்காதீர்கள். அவை நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாக் கிருமியையும் கொல்லும்.

6. புதுத் தொட்டியில் முதல் மாதம் நாலைந்து மீன் மட்டும் விடுங்கள். விடியற்காலை மீன் மேலே வந்து வாய் திறந்தால் தீனியை நிறுத்தி, உடனே தண்ணீர் மாற்றுங்கள்.

7. பாக்கெட் வாங்கும்போது நுண்ணுயிரின் பெயர், ஒரு கிராமில் எவ்வளவு இருக்கிறது, காலாவதி தேதி, தயாரித்தவர் முகவரி, இந்த நாலும் பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

நல்ல நுண்ணுயிரே பொய் என்று யாரும் எண்ண வேண்டாம். 1994, 1995 வாக்கில் நம் கிழக்குக் கடற்கரையில் இறால் குட்டைகளை வெள்ளைப்புள்ளி நோய் தாக்கி எத்தனையோ பேர் கடனாளி ஆனார்கள். ஆன்டிபயாடிக் போட்ட இறாலை வெளிநாட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு நுண்ணுயிர் பக்கம் கவனம் கூடியது. சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிலையம், அம்மோனியாவைக் குறைக்க 'சிபாமாக்ஸ்' என்ற கலவையை உருவாக்கியது. பக்கத்துக் கேரளத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் குட்டை அடிக்கசடுக்கு 'டெட்ரோடைஜெஸ்ட்' என்பதைத் தந்தது. ஆனால் இறால் குட்டையில் காற்றுச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் கேட்க ஆள் இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் நம் பறக்கையிலேயே இருக்கிறது. நாகர்கோவிலில் மீன்வளத்துறை அலுவலகமும் இருக்கிறது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் வீட்டு முற்றத்து அலங்கார மீன் வளர்ப்பையும் சேர்த்து, பெண்களுக்கு 60 சதவீத மானியம் வைத்தார்கள். மானியத்தின் இன்றைய நிலையை நேரில் கேட்டுவிட்டு, பிறகு தொட்டி கட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். "மீன் தொட்டி மருந்து" என்று யாராவது உள்கடன் கேட்டால், தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் குழுவில் மூன்று கேள்வி கேளுங்கள். தீனி எவ்வளவு போடுகிறாய்? காற்று மோட்டார் ராத்திரி ஓடுகிறதா? சேறு நறநறவென்று இருக்கிறதா? பாதிக் கடன் அங்கேயே தேவைப்படாமல் போகும். நாங்கள் யாராவது வந்து ஒன்றைச் செய்யச் சொன்னாலும், "ஏன், எதுக்கு" என்று இரண்டு தடவை கேளுங்கள். அன்றைக்கு அந்த அக்கா எங்களை அப்படிக் கேட்டிருந்தால் அந்தக் கோய் மீன்கள் இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கும்.